மாடிக்கு விட்ட கம்பி

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி ரோடு பிடித்து வந்தால் கேம்ப் ரோடு ஜங்ஷன். அங்கிருந்து சேலையூரின் எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும் சரி, கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். மொட்டை மாடிகளில் தூண்களின் தலையிலிருந்து இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். பிற்பாடு இன்னொரு தளம் எழுப்ப விட்டு வைத்தவை. பையனுக்குக் கல்யாணம் ஆகும்போது, பி.எஃப். பணம் வரும்போது, வாடகைக்கு விடலாம் என்று தோன்றும்போது. அதற்காக அஸ்திவாரத்தையும் இரண்டு தளம் தாங்குகிற மாதிரி போட்டிருப்பார்கள். செலவு இன்றைக்கு. பலன் என்றைக்கோ.

இந்த வாரம் வீடு கட்டுவது பற்றி எழுதப் போவதில்லை. குறைந்த காசில் கேம் ஆடுகிற கம்ப்யூட்டர் வாங்குவது பற்றி. அதுவும் பிற்பாடு 'அப்கிரேடு' பண்ணுகிற மாதிரி. அஸ்திவாரமும் கம்பியும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற அதே கணக்குதான் இதுவும்.

எங்கள் தெருமுனையில் ஒரு தையல் கடை. நடத்துகிறவரைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும். ஒரே பையன், பி.காம். இரண்டாம் வருஷம். நானும் பி.காம். என்பதால் காஸ்ட் அக்கவுண்டிங்கில் சந்தேகம் வந்தால் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவான். 2025 ஜூனில் ஒரு நாள் நோட்டுக்குப் பதில் அம்மாவோடு வந்தான்.

அக்கா ஏலச்சீட்டு எடுத்திருந்தார். தள்ளு போகக் கையில் 60,000 ரூபாய்.

"இவன் படிப்புக்குக் கம்ப்யூட்டர் வேணுங்கறான் சார். கூடப் போய்ப் பாத்து வாங்கிக் குடுங்க. கடைய விட்டுட்டு என்னால வர முடியாது. இன்னும் பத்து மாசம் இந்தச் சீட்டுக்கு நான் கட்டணும்."

பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு கொட்டேஷனை எடுத்து நீட்டினான். ஐ7 கேமிங் பி.சி., 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு, கலர் கலராக எரிகிற ஆறு ஃபேன். விலை 28,000. "பாதிக்கு மேல மிச்சம் அங்கிள். அம்மா அதை வச்சு ஓவர்லாக் மெஷின் வாங்கிக்கலாம்" என்றான். நல்ல மனசு. ஆனால் கொட்டேஷன் நல்லதாக இல்லை.

நீங்களும் இந்த மாதிரி விளம்பரம் பார்த்திருப்பீர்கள். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம்: ஐ7 என்பது குடும்பப் பெயர். பிறந்த வருஷம் அதில் இல்லை. கூடவே வருகிற நம்பரைக் கேட்க வேண்டும். கேட்டோம். ஐ7-3770. இன்டெல் அதை வெளியிட்டது 2012-ல். அன்றைக்கு ராஜாதான். பையனுக்கு அப்போது ஆறு வயசு. '4 ஜி.பி. கிராபிக்ஸ்' என்றது ஜி.டி. 730, அது 2014 சரக்கு. நினைவகம் 4 ஜி.பி. இருப்பது நிஜம்தான். ஆனால் படத்தை வரைகிற வேகம் அந்த ஜி.பி.யில் இல்லை. பெரிய சமையலறையும் ஒற்றை பர்னர் அடுப்பும் மாதிரி.

இன்னொரு சிக்கல். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடியப் போகிறது என்று அப்போதே அறிவித்திருந்தார்கள். முடிந்தும் விட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். 3770 மூன்றாம் தலைமுறை. ஏதோ தில்லுமுல்லு செய்து 11-ஐப் போட்டுக் கொடுப்பார்கள். ஆனால் பையன் ஆட ஆசைப்பட்ட 'வேலரண்ட்' விளையாட்டு விண்டோஸ் 11-ல் ஓட டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு வசதி இருந்தே ஆக வேண்டும். அந்தப் பழைய போர்டில் அது கிடையாது. 28,000 கொடுத்து, ஆறு ஃபேன் சுற்றுவதை மட்டும் உட்கார்ந்து பார்க்கலாம்!

நான் வேலரண்ட் என்றதும் அக்கா நிமிர்ந்தார்.

"அது என்ன சார்? படிப்பா, விளையாட்டா?"

பையனைப் பார்த்தேன். இதற்கு நான் பதில் சொல்வது நியாயமில்லை. அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும்மா. நெஜமா சொன்னா, மொதல்ல விளையாடத்தான்" என்றான்.

திட்டு விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். "சரி. மத்ததுக்கு எவ்வளவு ஆகும், விளையாட்டுக்குன்னு தனியா எவ்வளவு ஆகும்? பிரிச்சு எழுதிக் குடுங்க. மத்தது நான் தரேன். விளையாட்டுக்கு அவன் சம்பாதிச்சுப் போட்டுக்கட்டும்."

காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதற்கு ஒரு முழு பாடமே இருக்கிறது. அவர் எட்டாவதோடு நின்றவர்.

'பிற்பாடு போட்டுக்கலாம்னா எப்படி?' என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே புரிந்துகொண்டார். "பிளவுஸ்ல உள்ள துணி விட்டுத் தைப்போமே, உடம்பு போட்டா பிரிச்சு விட. அது மாதிரிதானே?" அதே மாதிரிதான் என்றேன். "ஆனா சார், பக்கத்துலதான் துணி விட முடியும். கழுத்து வெட்டினா வெட்டினதுதான்."

கம்ப்யூட்டர் வாங்குவதற்கு இதைவிடச் சுருக்கமான சூத்திரம் எனக்குத் தெரியவில்லை. எதைப் பிற்பாடு பிரித்து விடலாம், எது வெட்டினால் வெட்டினதுதான்? இரண்டாவது வகையில் காசைப் போடுங்கள். முதல் வகையில் கையைக் கட்டுங்கள்.

* * *

வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 40 சதவீதம். ஒரு காலத்தில் 60 சதவீதம் கூட அனுமதித்தார்கள். 60,000 ரூபாய் கம்ப்யூட்டர் ஒரு வருஷத்தில் 36,000. அடுத்த வருஷம் 21,600. மூன்றாம் வருஷம் 12,960. ஏட்டில் இதை ஒரே சொத்தாக எழுதுவோம். நிஜத்தில் அந்தப் பெட்டிக்குள் ஆறேழு சொத்து இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு.

கேபினட் துருப்பிடிக்காத வரை நீடிக்கும். ரேம், எஸ்.எஸ்.டி. இரண்டையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் பத்து நிமிஷத்தில் மாற்றலாம். கிராபிக்ஸ் கார்டும் அப்படியே. கழுத்து என்பது மதர்போர்டு. அதை மாற்றினால் பெட்டி முழுவதையும் பிரிக்க வேண்டும், அநேகமாக ப்ராசஸரையும் ரேமையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

மதர்போர்டில் பார்க்க வேண்டியது சாக்கெட். ப்ராசஸர் உட்காருகிற இடம். அதற்கு எதிர்காலம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு கதை சொல்கிறேன்.

ஏ.எம்.டி. கம்பெனி 2017 மார்ச்சில் ரைசன் ப்ராசஸர்களை இறக்கியபோது அதற்கு ஏ.எம்.4 என்று ஒரு சாக்கெட். அந்த வருஷம் போர்டு வாங்கியவர்களில் பலர், 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி என்கிற சூரனை அதே போர்டில் உட்கார வைக்க முடிந்தது. பயாஸை மட்டும் புதுப்பித்தால் போதும். இதற்குக் கூட ஏ.எம்.டி. முதலில் முரண்டு பிடித்தது. வாங்கியவர்கள் விடாமல் கேட்டபிறகுதான் பழைய போர்டுகளுக்கு வழி திறந்தது.

இன்டெல் கதை வேறு. 2015-ல் 1151 என்று ஒரு சாக்கெட். பெயரே அதிலுள்ள தொடுமுனைகளின் எண்ணிக்கைதான். 2017 ஜனவரியில் அதற்குப் புதிதாக 200 வரிசை போர்டுகள் வந்தன. அதே வருஷம் அக்டோபரில் எட்டாம் தலைமுறை ப்ராசஸர் வந்தது. சாக்கெட் அதே 1151, அளவும் அதேதான். ஆனால் பழைய போர்டில் வேலை செய்யாது, 300 வரிசை போர்டு வாங்கு என்றார்கள். ஜனவரியில் மாடிக்குக் கம்பி விட்டவர், அக்டோபரில் அது சும்மா அலங்காரம் என்று தெரிந்துகொண்டார். அதற்காக இன்டெல் மோசம் என்று சொல்ல வரவில்லை. 2021-ல் வந்த 1700 சாக்கெட்டில் மூன்று தலைமுறை ஓடியது. 2024-ல் அதை மூடிவிட்டு 1851-க்குப் போனார்கள். ஆகவே கடையில் 'எதிர்காலத்துல மாத்திக்கலாம் சார்' என்று யாராவது சொன்னால், 'எந்த வருஷம் வரைக்கும்?' என்று கேளுங்கள். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட் 2022 செப்டம்பரில் வந்தது. 2027-ம் அதற்கு அப்பாலும் ஆதரிப்போம் என்று கம்பெனியே அறிவித்திருக்கிறது. எழுத்தில் இருக்கிற வாக்கு. அதற்கு விலை உண்டு.

அடுத்த கழுத்து எஸ்.எம்.பி.எஸ். அதாவது சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட் கரண்டை உள்ளே இருப்பவர்களுக்கு வேண்டிய அளவில் பிரித்துக் கொடுக்கிற டப்பா. இதைக் கழற்றி மாட்டலாம். ஆனால் இது கெட்டால் தான் மட்டும் சாகாது, பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும். மலிவுக் கேபினட்டோடு இலவசமாக வருவதில் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஸ்டிக்கர் வேறு, வாட் வேறு. '80 பிளஸ்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இழுக்கிற மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தை உருப்படியாகக் கொடுக்கிறது என்பதற்கு 2004-லிருந்து இருக்கிற சான்று. கூடவே எத்தனை வருஷம் வாரன்டி என்று பாருங்கள். அந்தப் பெட்டியை விற்கிறவருக்கே அதன் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று அதில் தெரிந்துவிடும். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும்போது ட்யூப் லைட்டே கண்ணடிக்கிறது. இங்கே எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மிச்சம் பிடிப்பது அஸ்திவாரத்தில் சிமென்ட் குறைப்பது மாதிரி.

வாடகை வீடு என்றால் இன்னொன்று. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதா? அது கம்ப்யூட்டரின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. மூன்றாவது முனைக்குப் பின்னால் ஒயரே இல்லாத பிளக் பாயின்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

* * *

ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். தாம்பரத்தில் மின்சார ரயில், கிண்டியில் இறங்கி மெட்ரோ, அரசினர் தோட்டம் ஸ்டேஷன். மேலே ஏறி நாலு எட்டு வைத்தால் ரிச்சி ஸ்ட்ரீட். பெயர்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகளும் சேர்ந்ததுதான் ரிச்சி ஸ்ட்ரீட். ஒரு காலத்தில் ரேடியோ சாமான் விற்ற இடம். இன்றைக்கு சார்ஜரிலிருந்து சர்வர் வரை. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடி என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள்.

எங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, பழைய ஏ.எம்.4 போர்டு, ரைசன் 5 5600, கூடவே ஆர்.எக்ஸ். 6600 கிராபிக்ஸ் கார்டு. கிட்டத்தட்ட அதே காசு. முதல் நாளே நன்றாக ஆடலாம். ஆனால் அந்தச் சாக்கெட்டின் பயணம் முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது, புது ஏ.எம்.5 போர்டு, படம் வரைகிற திறமையையும் தன்னுள்ளேயே வைத்திருக்கிற ஒரு ப்ராசஸர், கார்டு இப்போதைக்கு இல்லை. ஆட்டம் சுமாராக ஓடும். கார்டுக்கு இடம் காலியாக இருக்கும். இன்றைக்கே ஆடித் தீர்க்க வேண்டும் என்பவருக்கு முதல் வழிதான் சரி, அதில் தப்பே இல்லை. ஆனால் 'விளையாட்டுக் காசு தனி' என்று தீர்ப்பு வந்துவிட்ட வீட்டுக்கு இரண்டாவதுதான் பொருந்தியது.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இந்த வகையில் ரைசன் 5 8500ஜி, 8600ஜி என்று இரண்டு ப்ராசஸர்கள், 2024 தொடக்கத்தில் வந்தவை. முதலாவது சில ஆயிரம் மலிவு. பார்க்க அண்ணன் தம்பி. ஆனால் நாளைக்குக் கிராபிக்ஸ் கார்டு மாட்டினால், அதற்கு 8500ஜி விடுவது நாலு பாதை, 8600ஜி விடுவது எட்டு. இது டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் இருக்காது. ஆர்.டி.எக்ஸ். 4060, ஆர்.எக்ஸ். 7600 போன்ற நம் பட்ஜெட் கார்டுகளே எட்டுப் பாதைக்காரர்கள். எட்டுக்கு எட்டு சரியாகப் போச்சு. நாலு என்றால் மாடி கட்டிவிட்டு ஆள் நுழையாத படிக்கட்டு வைத்த மாதிரி. 8600ஜி வாங்கினோம்.

ரேமில் சின்ன விவாதம். ஒரே 16 ஜி.பி. குச்சியாக வாங்கினால் பிற்பாடு இன்னொன்று சொருகலாம். இரண்டு 8 ஜி.பி.யாக வாங்கினால் இன்றைக்கு வேகம். கார்டு இல்லாத கம்ப்யூட்டர் ரேமைத்தான் கிராபிக்ஸுக்கும் கடன் வாங்குகிறது. இரண்டு குச்சி என்றால் போக வர இரண்டு வழி. அதனால் இரண்டு.

மொத்தக் கணக்கு, சுமாராக: ப்ராசஸர் 17,000. போர்டு 11,500. ரேம் 5,000. எஸ்.எஸ்.டி. 3,500. 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். 5,000. கேபினட் 3,000. மானிட்டர் 7,500. கீபோர்டு, மவுஸ் 1,000. யூ.பி.எஸ். 3,500. ஆக 57,000. ப்ராசஸரோடு அதன் ஃபேனும் வந்தது. ஒரு கடையில், "பில் இல்லாம எடுத்துக்குங்க சார், 18 பர்சென்ட் மிச்சம்" என்றார்கள். ஜி.எஸ்.டி. மிச்சம்தான். ஆனால் மூன்று வருஷ வாரன்டிக்கு யாரிடம் எதைக் காட்டுவது? பில்லோடு வாங்கினோம். அதில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லி, டப்பாவில் இருப்பதோடு சரி பார்த்துக்கொண்டான் பையன். பி.காம். வீண் போகவில்லை.

மிச்சம் மூவாயிரத்தை அம்மாவிடம் கொடுத்தான். ஓவர்லாக் மெஷின் வரவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

* * *

'இன்றைக்கு அடிப்படை, நாளைக்கு மற்றது' என்கிற இந்தச் சித்தாந்தத்துக்கு ஒரு எதிர்க்கட்சியும் உண்டு. நாளைக்கு விலை குறையும் என்று யார் சொன்னது?

2021-ல் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போனவர்களைக் கேளுங்கள். சிப் பஞ்சம் ஒரு பக்கம், கிரிப்டோ காசு தோண்டுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போனது இன்னொரு பக்கம். விலை எங்கேயோ போயிற்று. 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டு, கார்டு வைத்துத் தோண்டுவதற்கு வேலை இல்லாமல் செய்தது. அதன்பிறகுதான் மூச்சு விட முடிந்தது. இப்போது ரேமின் முறை. செயற்கை நுண்ணறிவுக்காக ஊர் ஊராகக் கட்டுகிற டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ள, 2025 கடைசியில் விலை ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, சாதாரண ஜனங்களுக்கு விற்றுவந்த தன் 'குருஷியல்' வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. ஜூனில் நாங்கள் 5,000 கொடுத்த ரேமை டிசம்பரில் விசாரித்தால் இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள்.

அதனால் முன்னாடியே 32 வாங்கி வைத்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். விலை ஏறுமா இறங்குமா என்பது சூதாட்டம். மாற்ற முடியுமா முடியாதா என்பது கணக்கு. ஏறினாலும் காத்திருந்து மாற்றிக்கொள்ளலாம் என்கிற நிலைமையில் இருப்பதுதான் அப்கிரேடின் பலன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விட்டு வைத்த கம்பி எல்லாம் மாடி ஆவதில்லை. இருபது வருஷமாக மழையில் நனைந்து துருப்பிடித்துத் தூணுக்குள்ளும் துருவை இறக்குகிற கம்பிகளையும் சேலையூரில் காட்டுகிறேன், வாருங்கள். கட்டவே போகாத நாலாவது மாடிக்கு அஸ்திவாரம் போடாதீர்கள். 850 வாட்டும், தண்ணீர் ஓடுகிற கூலரும், 30,000 ரூபாய் போர்டும் பட்ஜெட்காரனுக்கு எதற்கு? அடுத்த ஒரே ஒரு படிக்கு இடம் விடுங்கள். போதும்.

பையன் இப்போது காலேஜ் விட்டு வந்ததும் தெருவில் மூன்று கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுகிறான். அதே கம்ப்யூட்டரில்தான். ராத்திரி வேலரண்டும் ஆடுகிறான். கார்டுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று நான் கேட்பதில்லை. அக்கா கேட்பார். மூன்று கடைகளில் ஒன்று அவருடையது. மாசச் சம்பளத்தை அவரும் கொடுத்துவிடுகிறார், பைசா குறையாமல்.

நீங்கள் கடைக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டு எடுத்துப் போங்கள். ப்ராசஸர் பிறந்த வருஷம் என்ன? சாக்கெட் எது வரைக்கும்? கார்டுக்கு எத்தனை பாதை? எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 80 பிளஸ் இருக்கிறதா? பில்லில் சீரியல் நம்பர் உண்டா? ஐந்தே கேள்வி. முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற கடையில் வாங்குங்கள்.

ஆறாவது கேள்வி ஒன்று உண்டு. இதில் விளையாட்டுக்கு எவ்வளவு, மற்றதுக்கு எவ்வளவு? அதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.